அக்காவுக்குச் சொல்லாத கலியாணம்

1

இன்று காலை பஸ்ஸில் நிற்கும்போது என் அக்காவின் மகள் அனீற்றாவிடமிருந்து ஒரு படம் வந்தது. "ஒரு வருஷம் மாமா" என்று பிரெஞ்சில் எழுதி அனுப்பியிருந்தாள். படத்தில் நிற்பது நான்தான். தலையில் கம்பளித் தொப்பி, கையில் அரசாங்கத் தாள், குளிரில் சிவந்த மூக்கு. வாய் காதுவரைக்கும் போயிருக்கிறது. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு என்மேலேயே எரிச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கவேண்டியவன் இரண்டு தரிப்பிடம் தாண்டி இறங்கி, திரும்பி நடந்து, வேலைக்குப் பிந்திப் போனேன்.

ஒரு வருஷமாக இதை ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்திலும் சொல்லவில்லை. அதைக் கேட்கும் எங்கள் கோயில் சுவாமியார் மாதத்துக்கு ஒருமுறை அக்கா வீட்டில் சாப்பிடுகிறவர். ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்குச் சொன்னால் வில்லங்கமில்லை. உங்களில் ஒருவரும் நாளைக்கு அக்காவை மரக்கறிக் கடையில் சந்திக்கப்போவதில்லை.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வயது அறுபத்தொன்று. கலியாணம் கட்டவில்லை. பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் நகரத்தில், கோட்-டெ-நெய்ஜ் என்ற பகுதியில் ஒரு மூன்றாம் மாடி அறையில் இருந்துகொண்டு, பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளைக் கட்டிலோடு தள்ளிக்கொண்டு போய் எக்ஸ்ரே எடுக்கிற இடத்தில் விட்டுவிட்டுத் திருப்பிக் கொண்டுவருகிறேன். என்னை இந்த நாட்டுக்குக் கூப்பிட்டவள் பிலோமினா அக்கா. வந்த புதிதில் எட்டு வருஷம் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ என்ற புறநகரில் அவளுடைய வீட்டு நிலவறையில்தான் கிடந்தேன். அவள் போட்ட சோற்றைத் தின்றுதான் ஆளானேன். அனீற்றா அவளுடைய ஒரே பிள்ளை.

2

போன வருஷம் ஆனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை அனீற்றா என் அறைக்கு வந்தாள். கூடவே கொனர். இந்தப் பொடியனை எனக்கு முன்பே தெரியும். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கும்போது இரண்டு பேரும் ஒரே மண்ணைக் கிண்டியவர்கள். தகப்பன் இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர், தாய்வழி ஐரிஷ். ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கன். அக்கா மருமகனுக்கு வைத்திருந்த பட்டியலில் அதுதான் முதலாவது. அதனால் அவன் தமிழன் இல்லை என்ற கவலையை அவள் ஒரு பெருநாள் விருந்தோடு விழுங்கிவிட்டிருந்தாள். ஆனால் இந்த இரண்டு கத்தோலிக்கரும் கோயிலில் கட்டப்போவதில்லை என்று என் கதிரையில் இருந்துகொண்டு சொன்னார்கள்.

கொனரின் தாய்வழி ஆட்கள் கிறிஸ்தவர்களாக மாறுவதற்கு முந்தின காலத்தில் கொண்டாடிய நாள் ஒன்று இருக்கிறதாம். சௌவின் என்று சொன்னான். அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள், நவம்பர் முதலாந் திகதி. அன்றைக்கு இந்த உலகத்துக்கும் அந்த உலகத்துக்கும் நடுவே கதவு திறந்துகிடக்குமாம். செத்தவர்கள் வந்து நெருப்புக் காய்வார்களாம். அவர்களுக்கு ஒரு தட்டில் சாப்பாடு வைப்பார்களாம். அந்த நாளில், வெட்டவெளியில், ஒரு மரத்தின் கீழே, பெண்ணினதும் மாப்பிள்ளையினதும் கைகளை ஒரு துணியால் சேர்த்துக் கட்டினால் அது கலியாணம். விருந்தாளிகள் கிடையாது. இதை ஆங்கிலத்தில் எலோப்மென்ற் என்று சொல்கிறார்கள். எங்கள் பாஷையில் ஓடிப்போறது. நாங்கள் அறிந்த ஓடிப்போறதில் நான்கு மாதத்துக்கு முதலே திட்டம் போட்டு, நிறப் பேனையால் குறிப்பெழுதி, கிழக்கே யார் மேற்கே யார் என்று படம் கீறுவது கிடையாது. வடக்கு எது என்று நான் கேட்டபோது கொனர் கைத்தொலைபேசியை எடுத்துப் பார்த்தான்.

செத்தவர்களுக்குத் தட்டு வைப்பது எனக்குப் புதிதாகப் படவில்லை. அடுத்த நாள் ஆத்துமாக்கள் திருநாளுக்கு நாங்கள் சேமக்காலையில் கல்லறைகளுக்கு மேல் மெழுகுதிரி கொளுத்துகிறோம். அவர்கள் முதல் நாளே கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். நான் கேட்க விரும்பியது வேறு.

"அம்மாவுக்குச் சொல்லிப்போட்டியோ?" என்று கேட்டேன்.

அதுவரைக்கும் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் கதைத்துக்கொண்டிருந்தவள் தமிழுக்கு மாறினாள். கொனருக்கு விளங்கக்கூடாது என்பதற்காக இல்லை. அவளுடைய தகப்பனைப் பற்றி அவள் தமிழில்தான் கதைப்பாள்.

"அப்பாவின்ர செத்தவீட்டுக்குப் பத்துப் பேர், மாமா. கதிரையளை ஆறடி தள்ளித் தள்ளிப் போட்டவை. அம்மாவைக் கட்டிப்பிடிக்கவும் விடேல்லை. அதுக்குப் பிறகு ஐநூறு பேருக்கு முன்னால மேடையில நிண்டு என்னால சிரிக்க ஏலாது. அம்மாவுக்குச் சொன்னா அம்மா ஐநூறு பேருக்குச் சொல்லுவா. அப்பாவை மட்டும் கூப்பிடுறன். அவர் வரக்கூடிய நாள் அதுதானாம்."

அத்தான் அந்தத் தொற்றுக் காலத்தில் போனவர். சாகும்போது ஆஸ்பத்திரிக்குள் ஒருவரையும் விடவில்லை. வேறு ஆஸ்பத்திரி. நானும் ஓர் ஆஸ்பத்திரியில் கட்டில் தள்ளுகிறவன், என்னாலும் உள்ளே போக முடியவில்லை.

3

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன்.

அதற்கு இரண்டு மாதம் முதல், உயிர்த்த ஞாயிறான பாஸ்காத் திருநாளன்று அக்கா எனக்கு இறைச்சிக் கறி போட்டுக்கொண்டே ஒன்று சொல்லியிருந்தாள். "அந்த மனுசன் ஆருமில்லாத ஆள் மாதிரிப் போனவர், சவிரி. பிள்ளையின்ர கலியாணத்துக்கு ஒருத்தரையும் விடாமக் கூப்பிடுவன். அவரின்ர பேரைச் சொல்லி எல்லாரும் ஒருக்காச் சாப்பிடட்டும்." அப்போதே அவள் இரண்டு மண்டபங்களுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

தாய்க்கு ஐநூறு பேர் வேண்டும், அந்தப் பத்துப் பேருக்காக. மகளுக்கு ஒருவரும் வேண்டாம், அதே பத்துப் பேருக்காக. இரண்டையும் அறிந்திருந்த ஒரே ஆள் நான். ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் இவளுக்கு அவளைப் பற்றியும் அவளுக்கு இவளைப் பற்றியும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவர் மனம்விட்டுச் சொன்னதை மற்றவரிடம் கொண்டுபோகக் கூடாது என்று எனக்கு நானே பெரிய மனுசத்தனம் பேசிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், இரண்டு பேரும் என்னிடம் வந்து சொல்கிறார்கள் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குமேல் அனீற்றா கேட்டதுதான் என்னை விழுத்தியது. இந்த மாகாணத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. வயதுவந்த யாரும், தங்கள் சொந்தக்காரருக்கோ நண்பருக்கோ கலியாணம் செய்துவைக்க, ஒரு நாளைக்கு மட்டும் அரசாங்கத்திடம் அனுமதி வாங்கலாம். சுவாமியாரும் வேண்டாம், பதிவாளரும் வேண்டாம். "நீங்கதான் கட்டி வைக்கோணும் மாமா" என்றாள். என் வாழ்க்கையில் ஒரு கலியாண வீட்டிலும் என்னை வாசலில் நின்று பன்னீர் தெளிக்கக்கூடக் கேட்டதில்லை. தனிக்கட்டையை யார் கேட்பார்கள். நான் ஓம் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட எடுக்கவில்லை.

4

படிவங்கள் வந்தன. மூன்று மாதத்துக்கு முதல் அனுப்பவேண்டும். பெயர், பிறந்த இடம், மணமக்களுக்கு என்ன உறவு. தாயின் சகோதரன் என்று எழுதும்போது பேனை கொஞ்சம் தயங்கியது. பிறகு எழுதிவிட்டது. அனுமதிக் கடிதம் வந்தபோது அதைக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டினேன். இரண்டு நாள் போவதும் வருவதுமாக நின்று பார்த்தேன். மூன்றாம் நாள் ஞாயிறு. அக்கா கறிச் சட்டியோடு வரும் நாள். கழற்றி உள்ளாடைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தேன். அந்த வயதில் அப்படி ஒளித்துவைக்க வெட்கமாக இருக்கவில்லையா என்று கேட்டால், இருந்தது. ஆனாலும் வைத்தேன்.

கலியாணம் செய்துவைப்பவர் குடியியற் சட்டத்தில் சில பந்திகளைச் சத்தமாக வாசிக்கவேண்டும். பிரெஞ்சில் வாசிப்பதாக ஒப்புக்கொண்டேன். வேலையில் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு கட்டில் தள்ளும் ஹெயிட்டிப் பெண்மணி ஒருவர் எனக்குப் பாடம் எடுத்தார். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் மதிப்பும் விசுவாசமும் செக்கூரும் துணையும் தரக் கடமைப்பட்டவர்கள் என்று வருகிறது. செக்கூர் என்ற சொல்லை ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு அவசர வாசலுக்கு மேலும் சிவப்பு எழுத்தில் இருபது வருஷமாகப் பார்த்திருக்கிறேன். அது கதவின் பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆபத்துக்கு உதவுவது என்று அந்தப் பெண்மணி விளங்கப்படுத்தினார். கலியாணம் கட்டாதவனுக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று சொல்லிச் சிரித்தார்.

மற்ற ஏற்பாடுகளைப் பிள்ளைகள் பார்த்தார்கள். இடம், படித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நண்பனின் பண்ணை. சோளம் வெட்டி முடிந்த வயல், அதன் ஓரத்தில் ஒரு ஓக் மரம். நெருப்பு மூட்டுவதற்கு நகரசபை விடவில்லை. பழைய காலத்து ஐரிஷ்காரருக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது. போத்தல்களுக்குள் மெழுகுதிரி வைப்பதென்று முடிவானது. நியாயத்துக்காகக் கொனரும் தன் தாய் தகப்பனுக்குச் சொல்லவில்லை. சாட்சிக்கு இரண்டு நண்பர்கள்.

கைகளைக் கட்ட ஒரு துணி வேண்டும். அத்தானின் பழுப்பு நிற மப்ளர் கிடைக்குமா என்று அனீற்றா கேட்டாள். நான் அக்காவிடம் போய், "அத்தான்ர மப்ளர் ஒண்டு தாவன், குளிருக்குக் கழுத்து இழுக்குது" என்று சொன்னேன். அக்கா அலுமாரிக்குள்ளிருந்து எடுத்து, கையால் தோய்த்து, காயவைத்து, அடுத்த ஞாயிறு மடித்துக் கொண்டுவந்து என் கழுத்தில் தானே சுற்றிவிட்டாள். "உனக்குத்தான் குடுக்கோணும் எண்டு நினைச்சனான்" என்றாள். அவளுடைய கை என் கழுத்தில் இருந்த அந்த நேரத்திலாவது நான் வாயைத் திறந்திருக்கலாம்.

5

ஊரில் எங்கள் கோயிலில் கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பெயர் வாசிப்பார்கள். இன்னார் மகன் இன்னாருக்கும் இன்னார் மகள் இன்னாருக்கும், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லவும் என்று. உடனே எல்லாக் கழுத்தும் திரும்பும். இங்கே அரசாங்கம் அதைத்தான் செய்கிறது, சத்தமில்லாமல். இருபது நாளைக்கு முதல் இணையத்தில் அறிவித்தல் போடவேண்டும். மணமக்களின் பெயர், நாள், இடம், செய்துவைப்பவரின் பெயர். ஓடிப்போகிறவர்களும் அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் ஓடவேண்டும். நானே கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். இதை யார் போய் வாசிக்கப்போகிறார்கள் என்று எனக்கும் தோன்றியது, அனீற்றாவுக்கும் தோன்றியது.

வாசிக்கிற ஒருவர் இருக்கிறார். கலியாண மண்டபங்களுக்குச் சோடினை, அலங்காரம் எல்லாம் செய்கிற எங்கள் தமிழாள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலையில் தேத்தண்ணியோடு இருந்து, அந்த அறிவித்தல்களில் தமிழ்ப் பெயர் தேடி, வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்து வாழ்த்துச் சொல்லி, மேடைக்கு என்ன நிறம் என்று கேட்பார். அது அவருடைய தொழில், அவரில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. அக்காவுக்கு எடுத்தார். வாழ்த்துகள், மகளுக்கு என்று சொன்னார். தம்பிதான் கட்டி வைக்கிறாராம், புதுமையாக இருக்கிறது என்றும் சொன்னார்.

அந்த ஞாயிறு அக்கா வந்தபோது கையில் சட்டி இல்லை. கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். கைப்பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அறிவித்தலை நூலகத்தில் அச்செடுத்திருந்தாள். என் பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு.

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள்.

"மப்ளரும் இதுக்குத்தானோ?"

"ஓம் அக்கா."

அவள் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். ஏன் என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான், நான்கு மாதம் பிந்தி, அனீற்றா சொன்னதைச் சொன்னேன். பத்துப் பேரைச் சொன்னேன், தள்ளித் தள்ளிப் போட்ட கதிரைகளைச் சொன்னேன், செத்தவர்கள் வரும், அவர்களுக்குத் தட்டில் சாப்பாடு வைக்கும் நாள் என்பதால்தான் அந்த நாளை எடுத்தாள் என்பதையும் சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இதை நீ ஆனியில எனக்குச் சொல்லியிருந்தா நான் கலியாண ஹோலும் கேட்டிருக்கமாட்டன், சனமும் கேட்டிருக்கமாட்டன். பேசாமப் பிள்ளைக்குப் பக்கத்தில போய் நிண்டிருப்பன்."

இப்பவே அவளுக்குச் சொல்கிறேன், இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது என்று எழும்பினேன். அக்கா என் கையைப் பிடித்து இருத்தினாள்.

"சொல்லாதை. எனக்குத் தெரியும் எண்டு தெரிஞ்சா கூப்பிடுவாள். கூப்பிட வேணுமே எண்டு கூப்பிடுறதுக்கு நான் எப்பிடிப் போறது? அவள் கொப்பரைக் கூப்பிட்டிருக்கிறாள். அது போதும்."

அச்செடுத்த தாளை மடித்துத் திரும்பக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனாள். படியில் இறங்கும்போது, நல்ல தடித்த சப்பாத்துப் போட்டுக்கொண்டு போ, வயல் ஈரமாக இருக்கும் என்றாள்.

அக்கா சொல்லாதே என்றாள், அதனால் சொல்லவில்லை என்று எழுதினால் வாசிக்கிற நீங்கள் நம்புவீர்கள். நானும் சில நாள் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்கு இருந்தது வேறு பயம். சொன்னால் அனீற்றா என்னைத்தான் கேட்பாள், அம்மா நினைத்தது உங்களுக்கு எப்ப தொடக்கம் தெரியும் என்று. பாஸ்காவிலிருந்து என்று சொல்லவேண்டிவரும். பிறகு என்னிடம் கலியாணம் கட்டி வைக்கச் சொல்லுவாளா? நான் பந்திகளைப் பாடமாக்கிவிட்டிருந்தேன். புதுக் கோட்டும் வாங்கிவிட்டிருந்தேன்.

6

நவம்பர் முதலாந் திகதி பின்னேரம் மூன்று மணிக்கு மழை விட்டது. ஓக் மரத்தில் பழுத்துச் சுருண்ட இலைகள் இன்னும் ஒட்டிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் மரத்தைச் சுற்றிப் போத்தல்களை வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள், காற்று அணைத்தது, திரும்பக் கொளுத்தினார்கள். ஒரு மரப்பலகையில் தட்டு வைத்து அப்பிள் துண்டும் பாணும் வைத்தார்கள். அனீற்றா ஒரு சின்னப் பெட்டியைத் திறந்து, அத்தானுக்கு விருப்பமான சீனிச் சம்பலையும் அதில் ஒரு கரண்டி போட்டாள். எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். அம்மா போன கிழமை சும்மா தந்துவிட்டவ என்றாள். நான் வாசிக்கவேண்டிய தாளைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்து விரித்தேன்.

நன்றாகத்தான் வாசித்தேன். செக்கூர் என்ற இடத்தில்கூடத் தடக்கவில்லை. இரண்டு பேருடைய கையையும் சேர்த்து மப்ளரால் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். அரசாங்கம் எனக்குத் தந்த அதிகாரத்தின்படி நீங்கள் கணவன் மனைவி என்று சொன்னேன். சாட்சிகள் கை தட்டினார்கள். படம் எடுத்தார்கள். அந்தப் படம்தான் இன்று காலை வந்தது.

கையெழுத்தெல்லாம் முடிய அனீற்றா தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள். இரண்டு தரம் பிழையாக அழுத்தினாள். எல்லோரும் கேட்கட்டும் என்று சத்தத்தைத் திறந்துவிட்டாள்.

"அம்மா, நான் கலியாணம் கட்டிட்டன்."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் கேட்டது.

"என்ன பிள்ளை சொல்லுறாய்? எப்ப?"

முதல் தரம் கேட்கிறவள் எப்படிக் கேட்பாளோ அப்படியே கேட்டாள். யார் என்றாள், கொனரோ என்றாள், எங்கே வைத்து என்றாள், இந்தக் குளிருக்குள் கோட்டுப் போட்டாயோ என்றாள். ஒரு கேள்வியும் தவறவில்லை. அனீற்றா அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அம்மா எங்கே நிற்கிறீர்கள், காற்றுச் சத்தம் கேட்கிறதே என்று கேட்டாள்.

"கொப்பரிட்ட, சேமக்காலைக்கு வந்து நிக்கிறன். நாளைக்குச் சனம் கூட, அதுதான் இண்டைக்கே வந்தனான்." பிறகு கேட்டாள். "ஆர் பிள்ளை கட்டி வைச்சது?"

"மாமா."

"மாமாவோ. அவனிட்டக் குடு."

தொலைபேசியை வாங்கினேன். அனீற்றா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பிள்ளை சந்தோசமா நிக்கிறாளோ?" என்று அக்கா கேட்டாள்.

"ஓம் அக்கா."

"அப்ப சரி. நான் இவருக்குச் சொல்லிப்போட்டு வீட்டை போறன்."

தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். அனீற்றா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஐந்து வயதில் நிலவறைப் படியில் குதித்துக்குதித்து வருவாளே, அந்த முகத்தோடு என் கோட்டுக் கையைப் பிடித்தாள்.

"பாத்தீங்களே மாமா, அம்மா கோவிக்கவேயில்லை. இப்பிடி எண்டு தெரிஞ்சிருந்தா நான் அம்மாவையும் கூப்பிட்டிருப்பன்."

"ஓம் பிள்ளை" என்று சொன்னேன். பிறகு குனிந்து, அணைந்திருந்த மெழுகுதிரிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டிக்குள் போடத் தொடங்கினேன்.